வீட்டில் தெரியுமா

சீதை ரீச்சரின் அழைப்பு வந்தபோது அபிராமி வெட்டு மேசையில் குனிந்து நின்றாள். பருத்தித் துணியை இரண்டாக மடித்து, சோக் கோட்டின் மேல் கத்தரிக்கோலை வைத்த நேரம். ஓடர் கொடுக்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்துப் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஆரிட்டச் சொன்னனீங்கள்?”

வணக்கம் இல்லை, சுகம் விசாரிக்கவில்லை. இரண்டு வருடப் பழக்கத்தில் ரீச்சர் குரல் உயர்த்தி அபிராமி கேட்டதே இல்லை.

“ரீச்சர்? எனக்கு விளங்கேல்லை.”

“என்ர உடம்பைப் பற்றி ஆரிட்டச் சொன்னனீங்கள் எண்டு கேக்கிறன். நேற்று என்ர போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு. ரோஸ் கம்ஃபர்ட்டாம். ‘மார்பக ஒபரேஷன் செய்த சகோதரிக்கு’ எண்டு தொடங்கி, இடது பக்கம் எண்டும் போட்டு, என்ர சைஸையும் போட்டிருக்கு. போன் என்ர மகளிட்ட இருந்தது. அவள் வாசிச்சிட்டாள்.”

அபிராமி ஸ்பீக்கரை நிறுத்திப் போனைக் காதோடு அழுத்தினாள். ஃபிளாட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் அழுத்தினாள்.

“பதினாறு வயசுப் பிள்ளை. பித்தப்பையில கல்லு எண்டு சொல்லி வைச்சிருந்தனான். ஓ எல் சோதினை முடியட்டும், பிறகு இருத்தி வைச்சுச் சொல்லுவம் எண்டு இருந்தனான். இப்ப அவள் ‘அம்மா, நீங்க செத்துப்போவீங்களோ’ எண்டு கேக்கிறாள். நான் என்ன பதில் சொல்ல? நீங்களே வந்து சொல்லுங்கோ!”

“ரீச்சர், சத்தியமா நான் ஒருத்தருக்கும்...”

“அப்ப அந்த அளவு ஆருக்குத் தெரியும்? என்ர புருஷனுக்கே தெரியாது. நீங்கள்தான் அளவெடுத்தனீங்கள், நீங்கள்தான் எழுதினனீங்கள். காசுக்கு வித்துப்போட்டீங்கள், என்ன?”

தொடர்பு துண்டிக்கப்பட்டது. திருப்பி எடுத்தாள். எடுக்கவில்லை. மூன்றாம் தரம் எடுத்தபோது இலக்கத்தைத் தடுத்துவிட்டார் என்று தெரிந்தது.

மார்பகம் அகற்றிய பெண்களுக்கான உள்ளாடைகளைத் தைத்து விற்பதுதான் அபிராமியின் தொழில். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், நாலாம் மாடி ஃபிளாட்டின் பின்னறைதான் அவளுடைய கடை. ஆறு வருடங்களுக்கு முன் இரத்மலானையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மாதிரி வெட்டிக்கொண்டிருந்தவள். ஃபிளாட்டுக்கு மேல்மாடியில் இருந்த பெண் ஒருத்தி ஒபரேஷனுக்குப் பிறகு சட்டைக்குள் கைலேஞ்சித் துணியை மடித்து வைத்துக்கொண்டு மாடிப்படியில் கூனி நடப்பதைக் கண்டு, அவளுக்காக ஒன்று தைத்துக் கொடுத்தாள். ஒரு பக்கத்துக்குப் பருத்திக்குள் மெத்தென்ற பாட், தோளில் அகலப் பட்டி, தழும்பு உரசாத தையல். அந்தப் பெண் இன்னொருத்திக்குச் சொன்னாள். அவள் வேறொருத்திக்குச் சொன்னாள். இப்போது யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று பார்சல் போகிறது. கொழும்புக்குள் இருப்பவர்களிடம் அவளே வீடு தேடிப் போவாள். கதவைச் சாத்திக்கொண்டு அளவெடுப்பாள். அங்கேயே கணினியில் பதிவாள்.

பட்டியலில் நூற்று நாற்பத்தேழு பெண்கள் இருந்தார்கள். பெயர், முகவரி, போன் இலக்கம், எந்தப் பக்கம், அளவுகள், ஒபரேஷன் திகதி. கடைசி நிரலுக்கு அவள் போட்டிருந்த தலைப்பு ‘வீட்டில் தெரியுமா?’ எந்த நேரத்தில் அழைக்கலாம், பார்சலின் மேல் என்ன எழுதலாம் என்பதற்காக வைத்தது. கணவருக்கு மட்டும். மாமிக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது, ‘சட்டைத் துணி’ என்று எழுதவும். சீதை ரீச்சரின் பெயருக்கு நேரே: மகளுக்குத் தெரியாது.

அந்த ரோஸ் கம்ஃபர்ட் யார்? அன்று பின்னேரம் இன்னும் இரண்டு பெண்கள் அழைத்தார்கள். அவர்களுக்கும் மெசேஜ் வந்திருந்தது. ஒருத்தி இலக்கத்தை அனுப்பி வைத்தாள். அபிராமிக்குத் தெரியாத இலக்கம். எடுத்தால் மணி அடித்தது, யாரும் பேசவில்லை.

வேலை முடிந்து வந்த விக்ரமனிடம் சொன்னாள். அவளுடைய கணவன், புறக்கோட்டையில் துணி இறக்குமதி செய்யும் ஒரு கம்பனியில் கிளார்க். சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டபடி கேட்டுவிட்டுச் சொன்னான்.

“ஆரும் உன்ர போனை ஹக் பண்ணியிருப்பாங்கள்.”

“போனில இல்லையப்பா. லிஸ்ட் லப்டொப்பிலதான் இருக்கு.”

“அப்ப அதை ஹக் பண்ணியிருப்பாங்கள். பழைய மெஷின்தானே.”

பழைய மெஷின்தான். மூன்று வருடங்களுக்கு முன் அவளுடைய அண்ணா கிருஷ்ணராஜ் கொடுத்தது. கொட்டாஞ்சேனையில் இருப்பவர். அலுவலகத்தில் புதிது கொடுத்தபோது பழையதைத் தங்கச்சிக்குக் கொண்டுவந்து, தானே உட்கார்ந்து எல்லாம் சரிபண்ணித் தந்துவிட்டுப் போனார். அகலத் திரை, செங்கல்லைப் போல் ஒரு சார்ஜர். வயரைக் கழற்றினால் பத்து நிமிடம் தாங்காது. யாருடைய வீட்டுக்குப் போனாலும் முதலில் “பிளக் எங்க இருக்கு?” என்று கேட்க வேண்டும். அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் கட்டிலுக்குப் பின்னால் குனிந்து அவள் பிளக் தேடிய நாட்கள் உண்டு. களுபோவிலையில் ஒருமுறை கரண்ட் போய், அதுவரை எழுதியது முழுக்க அழிந்து, அந்தப் பெண்ணை மறுபடி சட்டை கழற்றச் சொல்ல வேண்டி வந்தது. அன்றிலிருந்தே சின்னதாக ஒன்று வாங்க வேண்டுமென்று காசு சேர்த்துவந்தாள். இனிப் பொறுக்க முடியாது.

“கொண்ணையிட்ட ஒருக்காக் கேள்,” என்றான் விக்ரமன். “அவருக்கு உதுகள் தெரியும்.”

கேட்டாள். புதிது வாங்கப் போவதாகச் சொன்னதும் கிருஷ்ணராஜ் போனில் சிரித்தார்.

“உனக்கு ஏன் புதுசு? ஃபக்டரியே நடத்திறாய்? நான் தந்தது நல்லா ஓடுதுதானே.”

“பாரம், அண்ணா. பற்றரியும் இல்லை.”

“பற்றரி மாத்தலாம். சும்மா காசைக் கரியாக்காத. நாலு ப்ரா விக்கிறதுக்குக் கணக்கெழுத ஒரு கொப்பி காணும்.” கொஞ்சம் நிறுத்தி, “சரி, வாங்கிறதெண்டா வாங்கு. ஆனா கடைக்காரனைச் செட் பண்ண விடாத. என்னட்டக் கொண்டா, நான் பண்ணித் தாறன்,” என்றார்.

நாலு ப்ரா. போனை வைத்த பிறகும் அந்த இரண்டு சொற்கள் அபிராமியின் காதுக்குள் நின்றன. ரீச்சர் பேசியதற்குக் கோபப்பட அவளுக்கு உரிமை இல்லை. இதற்கு இருந்தது.

சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் ஒரு பெரிய கடைக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, வரிசையாகத் திறந்து வைத்த திரைகள். கழுத்துப்பட்டி கட்டிய சிங்கள விற்பனையாளன் நேரே விக்ரமனிடம் வந்தான்.

“என்ன அய்யே, கேமிங்கா, ஒபிஸ் வேலைக்கா?”

“எனக்குத்தான்,” என்றாள் அபிராமி. “சின்னதா, பாரம் குறைஞ்சதா வேணும். வீட்டு வீட்டாக் கொண்டு திரியிறது.”

அவன் அவளைப் பார்த்துப் புன்னகைத்தான். பிறகு விக்ரமனிடம் திரும்பினான். “அய்யே, மேக்க பலன்ன,” என்று சிங்களத்தில் சொல்லி, விசைகளுக்கடியில் சிவப்பு வெளிச்சம் எரியும் ஒன்றைக் காட்டினான். “கிராபிக்ஸ் கார்ட் இருக்கு. நோனாவுக்கு ஃபேஸ்புக் எல்லாம் பறக்கும்.”

“இது எத்தினை கிலோ?” என்று கேட்டாள்.

“புரொசெசர் லேட்டஸ்ட், அய்யே.”

“தம்பி, எத்தினை கிலோ எண்டு கேட்டனான்.”

அவன் தடுமாறினான். தெரியவில்லை. விக்ரமன் அதற்குள் சிவப்பு வெளிச்சத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, “நல்லாத்தானே கிடக்கு, அபி,” என்றான். அந்த வார்த்தையோடு அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“அப்ப நீங்களே வாங்கி, நீங்களே தோளில கொழுவிக்கொண்டு போய்ப் பொம்பிளையளுக்கு அளவெடுங்கோ!”

கடையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, தனியாகவே வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறிவிட்டாள். விக்ரமன் அடுத்த பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். அவள் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை யாரையும் கூப்பிடாமல் போனாள். பழைய மெஷினையும் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள். காலி வீதியில், புடவைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒரு குறுகலான கடை. உள்ளே நீலப் பர்தாவில் ஒரு பெண் திருத்துவதற்கென்று வந்த கணினி ஒன்றின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பெயர் நப்லா. கடை அவளுடைய வாப்பாவினுடையது, கணக்கு வழக்கைத் தவிர மிச்சம் எல்லாம் தான் பார்ப்பதாகச் சொன்னாள்.

“மிஸ், மொதல்ல மெஷின் பாக்க வாணாம். என்ன செய்யப் போறீங்க, அதச் சொல்லுங்க.”

அபிராமி சொன்னாள். என்ன விற்கிறாள் என்பதையும் சொன்னாள். அந்நியரிடம் அவள் அதைச் சொல்வது குறைவு. நப்லா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். எத்தனை மாடி ஏறி இறங்குகிறாள், ஒரு நாளில் எத்தனை வீடு, தமிழில் தட்டெழுதுவாளா, படம் எடுப்பாளா, எழுதியதை யார் யார் பார்க்கலாம்.

“டப்லெட் ஒண்டு எடுத்தா லேசுதானே?” என்று கேட்டாள் அபிராமி.

“லேசுதான். ஆனா நீங்க நூத்தைம்பது பேர்ட அளவ நிரல் நிரலா போடுறீங்க. விரலால தட்டித் தட்டி அளவு மாறினா அந்தப் பொம்பள உடுத்துப் பாக்கக்குள்ளதான் தெரியும். கீபோர்ட் வேணும் மிஸ். பெரிய ஸ்க்ரீன் வாணாம். கிராபிக்ஸ் அது இது எண்டு சொன்னாங்களா? அது ஒங்களுக்கு ஒண்டுக்கும் ஒதவாது. பற்றரியும் பாரமும்தான் பாக்கணும்.”

மூன்றை எடுத்து வைத்தாள். ஒன்று பளபளப்பு. அதன் மூடி விரல் பட்டாலே வளைந்தது. இன்னொன்று பாவித்துத் திருத்தியது, விலை பாதி. “மத்தவங்க பாவிச்சத ஒங்கட வேலைக்கு நான் தரமாட்டன்,” என்று அதைத் தானே ஒதுக்கினாள். மூன்றாவது பதின்மூன்று அங்குலம், சாம்பல் நிறம், ஒரு கிலோவும் கொஞ்சமும். விரல் வைத்தால்தான் திறக்கும். போன் சார்ஜரிலேயே ஏறும், பவர் பாங்கிலும் ஏறும். ஒரு நாள் முழுக்கத் தாங்கும்.

“பையில போட்டு நடந்து பாக்கலாமா?” என்று கேட்டாள் அபிராமி.

நப்லா சிரித்தாள். “ஐடென்டிட்டி கார்டத் தந்துட்டுப் போங்க.”

அளவு நாடா, மாதிரிகள், தண்ணீர்ப் போத்தல், அந்தக் கணினி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு சந்தைவரை நடந்து திரும்பி வந்தாள். தோள் வலிக்கவில்லை. நடைபாதையில் நின்று பையைத் திறந்து, ஒரு கையால் எடுத்து, மற்றக் கையால் மூடியைத் திறந்து பார்த்தாள். முடிந்தது. யாரும் தெரிவு செய்து கொடுக்காமல், யாரும் பாவித்துவிட்டுத் தராமல், தான் பார்த்துத் தெரிவு செய்த ஒரு பொருள். மூன்று நாளில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு நேராக வந்தது.

காசைக் கட்டினாள். நப்லா பழையதைக் கேட்டாள். “அதுல உள்ளதெல்லாம் இதுக்கு மாத்தித் தாறன். ரெண்டு மணித்தியாலம்.”

இரண்டு நிமிடத்திலேயே அவள் நிமிர்ந்தாள்.

“மிஸ், கிருஷ்ணராஜ் யாரு?”

“என்ர அண்ணா. அவர்தான் இதைத் தந்தவர்.”

“இந்த மெஷின்ல இன்னம் அவர்ட கணக்குத்தான் ஈக்கி. நீங்க இதுல என்ன எழுதினாலும் அப்படியே இன்டர்நெட்டால அவர்ட கணக்குக்குப் போய்ச் சேருது. மூணு வருஷமா. அவர் விரும்பின நேரம் தொறந்து பாக்கலாம்.”

அபிராமிக்கு உடனே விளங்கவில்லை. விளங்க மறுத்தாள் என்பதுதான் சரி. “அவர் உதுகளைப் பாக்கிற ஆள் இல்லை,” என்றாள்.

நப்லா திரையை மெல்ல அவள் பக்கம் திருப்பினாள். பட்டியலின் பெயருக்குக் கீழே, கடைசியாகத் திறந்த கருவிகள் வரிசையாக இருந்தன. இந்த மெஷின். கிருஷ்ணராஜின் அலுவலகக் கணினி. அதற்குக் கீழே, ‘லக்ஷ்மிப்பிரியா போன்’. நேற்றுக் காலை ஒன்பதரை. அதற்கு முதல் நாள் மூன்று தரம்.

லக்ஷ்மிப்பிரியா, கிருஷ்ணராஜின் மனைவி. அபிராமியின் மச்சாள். தைப்பொங்கலுக்கு வந்து வெட்டு மேசையைத் தடவிப் பார்த்து, “நல்ல பிஸ்னஸ்தான், என்ன மச்சாள்? இந்தியாவில இருந்து ரெடிமேட்டா எடுத்தா இன்னும் மலிவு,” என்று சொன்னவள்.

“தண்ணி குடிங்க மிஸ்,” என்றாள் நப்லா.

“வேண்டாம். எல்லாத்தையும் மாத்துங்கோ. பிறகு அந்தாளின்ர கணக்கில என்ர பேரில உள்ளது ஒண்டும் இருக்கக் கூடாது.”

“இங்க இருந்து அழிச்சா அங்கயும் அழியும். ஆனா அவங்க வேற எங்கயாச்சும் எடுத்து வச்சிருந்தா, அத நான் ஒண்டும் செய்ய ஏலாது. உண்மையச் சொல்றன்.”

“அதை நான் பாக்கிறன்,” என்றாள் அபிராமி. நப்லாவை அந்தத் திரையைப் படம் பிடித்துத் தரச் சொன்னாள். பின்னேரம் மூன்று மணிக்கு இரண்டு கணினிகளோடும் முச்சக்கர வண்டியில் ஏறி, “கொட்டாஞ்சேனை” என்றாள்.

கிருஷ்ணராஜ் அன்று லீவில் நின்றார். கதவைத் திறந்த லக்ஷ்மிப்பிரியா, “வாங்கோ மச்சாள், சொல்லாமல் கொள்ளாமல்...” என்று தொடங்கினாள். முன்னறையின் மூலையில் திறந்த பெட்டி ஒன்று கிடந்தது. அதற்குள் பிளாஸ்டிக் உறை போட்ட உள்ளாடைகள் அடுக்கி இருந்தன. உறைகளின் மேல் ரோஜாப் பூ.

அபிராமி உட்காரவில்லை. பழைய மெஷினை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். சார்ஜரை அதன் மேல் போட்டாள். ‘டொக்’ என்று சத்தம் கேட்டு கிருஷ்ணராஜ் அறைக்குள்ளிருந்து வந்தார்.

“இந்தாங்கோ உங்கட லப்டொப். ரோஸ் கம்ஃபர்ட் ஆர் எண்டு எனக்குத் தெரிஞ்சிட்டுது.”

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கிருஷ்ணராஜ் கதிரையை இழுத்தார். “இரு முதல்ல. கோபப்படாமல் கதை. நாங்கள் களவெடுக்கேல்லை. அது தானா என்ர கணக்குக்கு வந்தது. ஒரு நாள் கண்ணில பட்டது.”

“கண்ணில பட்ட உடனே தங்கச்சிக்குச் சொல்லோணும் எண்டு தோன்றேல்லையோ?”

“குடும்பத்துக்குள்ளதானே, அபி. நூற்றைம்பது சனம் இருக்கு. நீயும் வில், அவளும் விக்கட்டும். கொம்பியூட்டர் ஆர் தந்தது? சும்மா தந்தனான். ஒரு சதம் கேட்டனானோ?”

“கொம்பியூட்டர் நீங்கள் தந்தது. அந்தப் பொம்பிளையளை நீங்கள் தந்ததோ? அவையள் சட்டையைக் கழட்டினது எனக்கு முன்னால. உங்களுக்கு முன்னால இல்லை!”

கிருஷ்ணராஜின் முகம் கறுத்தது. “வாயை அடக்கிக் கதை.”

“ஏன் அடக்க? நீங்கள் திறந்து வாசிச்சனீங்கள். இடது, வலது, அளவு, தழும்பு எங்க முடியுது எண்டு எல்லாம். ஒரு ஆம்பிளை, மற்றவன்ர பெண்சாதியளின்ர உடம்பை உத்தியோக நேரத்தில கதிரையில இருந்து வாசிச்சிருக்கிறியள். வெக்கமா இல்லையோ?”

லக்ஷ்மிப்பிரியா குறுக்கே வந்தாள். “அவர் வாசிக்கேல்லை. நான்தான் எடுத்தனான். நான் என்ன கெட்டதோ செய்தனான்? அவையளுக்குக் குறைஞ்ச விலைக்குச் சாமான் குடுக்கிறது உதவிதானே? நீங்கள் ஒரு ஆளா எத்தினை தைப்பீங்கள்? பொறாமையில கத்தாதேங்கோ மச்சாள்.”

அபிராமி அவள் பக்கம் திரும்பினாள். குரல் தானாகவே தாழ்ந்துவிட்டது. அது கத்தலை விட மோசமாக இருந்தது.

“கடைசி நிரலை வாசிச்சனீங்களோ?”

“எந்த நிரல்?”

“‘வீட்டில் தெரியுமா’ எண்டு இருக்கிறது.”

லக்ஷ்மிப்பிரியா போனைக் கைக்குள் மறைத்தாள்.

“சீதை ரீச்சரின்ர பேருக்கு நேர என்ன எழுதியிருந்தது, மச்சாள்?”

“இவ்வளவு பேர்... எனக்கு எப்பிடி ஞாபகம்...”

“மகளுக்குத் தெரியாது எண்டு எழுதியிருந்தது. நீங்கள் அனுப்பின மெசேஜை அந்தப் பிள்ளைதான் வாசிச்சது. தாய் சாகப்போறா எண்டு அழுதுகொண்டு கிடக்குது. சைஸைப் பாத்த உங்களுக்குப் பக்கத்தில இருந்த நிரல் தெரியேல்லை. வாங்க ஆள் இருக்கோ எண்டு மட்டும்தான் பாத்தனீங்கள்.”

லக்ஷ்மிப்பிரியா பெட்டியைக் காலால் சுவரோரம் தள்ளினாள், யாருடைய கண்ணிலும் அது படக் கூடாது என்பதுபோல.

“போனைத் தாங்கோ,” என்றாள் அபிராமி.

லக்ஷ்மிப்பிரியா தரமாட்டேன் என்றாள். கிருஷ்ணராஜ்தான் கடைசியில், “குடுத்துத் துலை,” என்றார். முப்பத்தெட்டுப் பேருக்கு மெசேஜ் போயிருந்தது. பட்டியல் முழுவதும் போனுக்குள் தனியாகச் சேமிக்கப்பட்டிருந்தது. அபிராமி அதை அழித்தாள். கிருஷ்ணராஜைக் கொண்டு, வீட்டில் வைத்திருந்த அவருடைய அலுவலகக் கணினியையும் திறக்கவைத்துப் பார்த்தாள். முப்பத்தெட்டுப் பேருடைய பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். இன்னும் எங்காவது ஒரு பிரதி இருக்கலாம், தாளில் அச்சடித்திருக்கலாம். அதை அவளால் அறியவே முடியாது.

“இதோட விடு, அபி,” என்றார் கிருஷ்ணராஜ் வாசலில். “வெளியில சொல்லித் திரியாத. எங்கட குடும்ப மானம்.”

“அவையளின்ர மானத்தைப் பற்றி ஒருக்காலும் யோசிக்கேல்லை, என்ன?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

வீட்டுக்கு வந்து புதிய கணினியைத் திறந்தாள். அதில் முதன்முதலாக அவள் எழுதியது ஓடர் அல்ல. நூற்று நாற்பத்தேழு பேருக்குமான ஒரு கடிதம்.

விக்ரமன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். “விசரே உனக்கு? முப்பத்தெட்டுப் பேருக்குத்தானே மெசேஜ் போனது? மற்றவைக்கு ஒண்டும் தெரியாது. நீயே உன்ர பிஸ்னஸுக்கு நெருப்பு வைக்கிறாய்.”

“அவையளின்ர விவரத்தையும் பாத்திருக்கினம்.”

“உன்ர சொந்த அண்ணனைக் காட்டிக் குடுக்கப் போறியோ?”

“பேர் போடேல்லை. என்ர குடும்பத்து ஆள் எண்டு மட்டும் போட்டிருக்கிறன். நீங்கள் போய்த் தேத்தண்ணி போடுங்கோ.”

கடிதம் சின்னதுதான். உங்கள் விவரங்களை என் குடும்பத்தவர் ஒருவர் எனக்குத் தெரியாமல் பார்த்துவிட்டார். நான் பாவித்த கணினி என்னுடையது அல்ல என்பதை நான் அறியாமல் இருந்தது என் பிழை. இப்போது வேறு கணினி, என் விரலைத் தவிர வேறொன்றுக்கும் திறக்காது. உங்கள் பெயரை அழிக்கச் சொன்னால் இன்றே அழிப்பேன். இன்னொருவர் கையில் போன் இருக்கக்கூடும் என்பதால் மெசேஜாக அனுப்பாமல், ‘வீட்டில் தெரியுமா’ நிரலைப் பார்த்து ஒவ்வொருவரையும் அவர்களுக்கு வசதியான நேரத்தில் அழைத்து வாசித்துக் காட்டினாள். அதற்கே எட்டு நாள் போனது.

சிலர் பேசாமல் கேட்டுவிட்டு வைத்தார்கள். சிலர் அழுதார்கள். ஏச்சு வாங்கினாள், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். முப்பத்தொரு பெண்கள் பெயரை அழிக்கச் சொன்னார்கள். களுபோவிலை ஸமீமா அக்கா அந்த இலக்கத்தை வாங்கிக்கொண்டு, லக்ஷ்மிப்பிரியாவை எடுத்து அரை மணித்தியாலம் கிழி கிழி என்று கிழித்ததாக அவளே சிரித்துச் சொன்னாள். அதற்குப் பிறகு மற்றப் பெண்களும் எடுத்திருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் ரோஸ் கம்ஃபர்ட்டின் இலக்கம் வேலை செய்யவில்லை. கிருஷ்ணராஜ் விக்ரமனை அழைத்து, “அவள் என்ர குடும்பத்தை ஊர் சிரிக்கப் பண்ணிப்போட்டாள்,” என்று சொன்னாராம். அபிராமியை அழைக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை அவர் விக்ரமனிடமும் சொல்லவில்லை.

சீதை ரீச்சர் மட்டும் மிச்சம். இலக்கம் தடுக்கப்பட்டிருந்தது. அபிராமி ஒரு வியாழன் காலை, மகள் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து, லீவில் நின்ற ரீச்சரின் கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போனாள். இரண்டாம் மாடி. ரீச்சர் மரக்கதவைத் திறந்தார். இரும்புக் கிறில் கதவைத் திறக்கவில்லை.

“என்ன வேணும்?”

அபிராமி கிறிலுக்கு வெளியே நின்றே சொன்னாள். கடிதத்தை வாசிக்கவில்லை. அண்ணாவின் மனைவி என்று சொன்னாள், ரீச்சருக்கு மட்டும் அதைச் சொன்னாள். ரீச்சர் ஒரு கையால் கிறில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முகத்தில் அசைவில்லை.

“ஆக, வித்தது நீங்கள் இல்லை.”

“இல்லை ரீச்சர். ஆனா பூட்டாத பெட்டியில வைச்சது நான்தான்.”

“ஓம்,” என்றார் ரீச்சர். “நீங்கள்தான்.”

அபிராமி பையிலிருந்து கணினியை எடுத்து, இடது கையில் தாங்கி, விரலை வைத்துத் திறந்தாள். திரையைக் கிறிலுக்கு நேரே திருப்பினாள்.

“உங்கட பேர் இருக்கு. உங்களுக்கு முன்னால அழிக்கிறன்.”

ரீச்சர் குனிந்து வாசித்தார். தன் பெயர், முகவரி, அளவு. கடைசி நிரலில் நின்று நேரம் எடுத்தார். “மகளுக்குத் தெரியாது,” என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அவருடைய கண் நிறைந்தது, உடனே புறங்கையால் துடைத்தார். கோபம்தான் அது. சோகம் அல்ல.

“அழியுங்கோ.”

அபிராமி வரியை அழித்தாள். ரீச்சர் இரண்டு முறை மேலும் கீழும் தள்ளிக் காட்டச் சொன்னார். பார்த்தார்.

“அவள் இப்ப என்னோட கதைக்கிறாள்,” என்றார் திடீரென்று. “ரெண்டு கிழமை கதைக்கேல்லை. பொய் சொன்னனீங்கள் எண்டு. முந்தநாள்தான் தழும்பைக் காட்டினனான். அவள் கேட்டாள்.” மறுபடி முகம் இறுகியது. “அதை நான் சோதினைக்குப் பிறகு, நான் நினைச்ச மாதிரிச் சொல்லியிருப்பன். அதை என்னட்டயிருந்து எடுத்துப்போட்டாள், உங்கட மச்சாள். அதை ஒருத்தராலயும் திருப்பித் தர ஏலாது.”

“ஓம், ரீச்சர்.”

“மன்னிச்சிட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு போகாதேங்கோ.”

“இல்லை, ரீச்சர்.”

அபிராமி கணினியை மூடிப் பையில் வைத்தாள். இரண்டு படி இறங்கியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“அடுத்த மாசம் எனக்கு ரெண்டு வேணும். பழசு இழுபட்டுப் போச்சு.”

அபிராமி திரும்பினாள்.

“அளவு உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?”

“இருக்கு.”

“அப்ப எழுதாதேங்கோ. ஒண்டிலயும் எழுதாதேங்கோ. தைச்சு, நீங்களே கொண்டுவந்து தாங்கோ.” அவர் மரக்கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அபிராமி தெருவுக்கு இறங்கினாள். சந்திக்கு அப்பால், ஐந்து நிமிட நடையில், கிருஷ்ணராஜின் வீடு. கொட்டாஞ்சேனைக்கு வந்தால் அங்கே போய் ஒரு தேத்தண்ணி குடிக்காமல் அவள் திரும்பியதே இல்லை. அந்தப் பக்கம் பார்த்தபோது கோபம் ஏறி வந்தது, முதல் நாள் வந்த அதே சூட்டோடு. அது இனிக் குறையும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. குறைய வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவள் பையைத் தோளில் ஏற்றி, ரீச்சரின் அளவுகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வெள்ளவத்தை பஸ்ஸுக்காக மற்றப் பக்கம் கடந்தாள்.